பழைய வால்பேப்பரை உரித்து, சுவரைச் சீராக்குவது எப்படி?

சென்னையில் நாங்கள் வாங்கிய பழைய ஃபிளாட்டின் படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க ஊதாப் பூப் போட்ட வால்பேப்பர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரம், கட்டிலுக்குப் பின்னால் அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. விரலால் லேசாக இழுத்தேன். தாளோடு ஒரு கைப்பிடி பட்டியும் (பெயிண்ட்டுக்கு அடியில் சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளைப் பூச்சு) சேர்ந்து உதிர்ந்தது. பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. பார்க்க வந்த பெயிண்டர், "மேலேயே ரெண்டு கோட் பட்டி பார்த்து அடிச்சிடலாம் சார், ஒண்ணும் தெரியாது" என்றார். நானும் தலையாட்டினேன். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே பூசணம், இந்த முறை புது பெயிண்ட்டையும் தூக்கிக்கொண்டு.

இரண்டாம் தடவை அவசரப்படாமல் நானே செய்தேன். அப்போதுதான் வேலையின் கணக்குப் புரிந்தது. தாளை உரிப்பது ஒரு நாள். பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து நான்கைந்து நாள். நடுவில் சுவர் காய்வதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ. அந்த ஒரு மாதத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறோம். அதனால் முதல் யோசனை காலத்தைப் பற்றியது: சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இந்த வேலையை மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் சுவருக்குச் செய்கிற உதவியை எந்த மெஷினும் செய்யாது. மழைக்காலத்தில் தாளை உரிக்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டி பார்க்கத் தை பிறக்கும்வரை பொறுத்திருங்கள்.

முதலில், என்ன தாள், என்ன சுவர்

நம் ஊர் வீடுகளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வினைல் வால்பேப்பர். மேலே பிளாஸ்டிக் பூச்சு, அடியில் ஒரு காகிதம். இது இரண்டு கட்டமாக உரியும்: மேல்தாள் காய்ந்தபடியே வரும், அடிக்காகிதம் சுவரிலேயே நிற்கும், அதை நனைத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு வகை நான்-வோவன். தொட்டால் துணி மாதிரி இருக்கும். சரியான பசையில் ஒட்டியிருந்தால் தண்ணீரே இல்லாமல் முழு நீளத்துக்கு உரிந்துவரும். உங்களுக்கு இது வாய்த்திருந்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது, ஆன்லைனில் வாங்கித் தாங்களே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் தாளும் செங்கல் மாதிரி புடைத்திருக்கும் ஃபோம் ஷீட்டும். ஒட்டுவதற்கு மிகச் சுலபம், எடுப்பதற்கு இவைதான் மிக மோசம். இவற்றின் பசை தண்ணீருக்கு மசியாது.

அப்புறம் சுவர். ஒரு மூலையில் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பெயிண்ட், பட்டி தாண்டியதும் சாம்பல் நிறமாக, மணல் நறநறத்தால் சிமெண்ட் பூச்சு. எவ்வளவு ஆழம் சுரண்டினாலும் வெள்ளை மாவாகவே வந்தால் ஜிப்சம் பூச்சு. புது அபார்ட்மெண்டுகளில் உள்சுவர்களுக்கு இதைத்தான் அதிகம் பூசுகிறார்கள். வித்தியாசம் முக்கியம். சிமெண்ட் சுவரில் தாராளமாகத் தண்ணீர் விடலாம். ஜிப்சம் ஊறினால் பிசுபிசுத்துப் பிளேடோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். அங்கே ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூர், காரைக்குடிப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு உங்களுடையது என்றால், உரிப்பதுவரை இந்த வழிகாட்டியைப் பின்பற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் போய்வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்ட்டையும் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சையே தள்ளிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

வேலைக்கு முன்னால்

அந்த அறையின் மின்சாரத்தை மெயின் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சில் அணைத்துவிட்டு, சுவிட்ச்போர்டுகளின் மேல் பிளாஸ்டிக் கவரை வைத்து டேப்பால் ஒட்டுங்கள். ஈரத் துணியும் சுவிட்ச்போர்டும் ஒரே சுவரில் இருக்கின்றன என்பதை வேலை மும்முரத்தில் மறந்துவிடுவோம். வெளிச்சத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாம். கட்டிலை நடு அறைக்கு நகர்த்தி, பழைய பெட்ஷீட்டால் மூடிவிடுங்கள். தரையில் முதலில் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் பழைய துணி. வெறும் பிளாஸ்டிக் மட்டும் போட்டால், ஈரமானதும் வழுக்கும்.

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு அங்குலப் பட்டி பிளேடு ஒன்று, இரண்டு அங்குலத்தில் ஒன்று, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில், இரண்டு வாளி, ஸ்பாஞ்ச், உப்புத்தாள், என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி. புதிதாக வாங்கிய பட்டி பிளேடின் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்துக் கொஞ்சம் மழுங்கடித்துக்கொள்ளுங்கள். கூரான முனைதான் சுவரில் கோடு கிழிக்கும்.

வால்பேப்பருக்கு அடியில் பழைய எனாமல் பெயிண்ட் இருக்க வாய்ப்புள்ள வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முந்தைய பெயிண்ட்டைக் காயவைத்து உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்கவிடாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அந்த நாட்களில் வேறு இடத்தில் இருக்கட்டும்.

உரிப்பது

கடைகளில் பரவலாக விற்கும் ரோலின் அகலம் சுமார் 21 அங்குலம். அதாவது சுவரில் 21 அங்குலத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஒரு இணைப்பு ஓடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் அந்தக் கோடு தெரியும். அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் கிழித்து அல்ல. மேல் மூலையில் பிளேடை நுழைத்துத் தாளைக் கிளப்பி, கையில் ஒரு பிடி வந்ததும் கீழ்நோக்கி இழுங்கள். சுவரிலிருந்து வெளியே, உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். சுவரை ஒட்டினாற்போல, தாள் தன் மேலேயே மடங்கி இறங்குவது மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும். வெளியே இழுத்தால் பட்டியும் பிய்ந்துகொண்டு வரும்.

மேல்தாள் போனதும் பழுப்பாக அடிக்காகிதம் நிற்கும். கை பொறுக்கும் சூட்டில் அரை வாளி வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு, ஒரு டம்ளர் வினிகர். (வெந்நீர்தான் உண்மையில் வேலை செய்வது. வினிகர் இல்லாவிட்டால் கடைக்கு ஓட வேண்டாம்.) நாலடி அகலத்துக்கு ஸ்ப்ரே செய்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்ப்ரே செய்து இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். காகிதம் கறுத்துச் சுருங்கினால் பசை இளகிவிட்டது. பிளேடைச் சாய்த்து, கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளினால் சப்பாத்தி மாதிரி சுருண்டு வரும். வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், தண்ணீரையும் நேரத்தையும் கூட்டுங்கள். முழுச் சுவரையும் ஒரே மூச்சில் நனைத்துவிடுவதும் தப்பு. நீங்கள் அந்தக் கோடிக்குப் போவதற்குள் அது காய்ந்திருக்கும்.

எவ்வளவு ஊறினாலும் சில இடம் மட்டும் அசையவில்லையா? ஒட்டியவர் வால்பேப்பர் பசையோடு மர வேலைக்கான வெள்ளைப் பசையையும் கலந்திருப்பார், குறிப்பாக ஓரங்களில். அந்த இடத்தில் ஈரத் துணியை வைத்து, மேலே அயர்ன் பாக்ஸைச் சில விநாடி ஒற்றி எடுங்கள். ஆவி உள்ளே இறங்கி இளக்கும். துணி தேய்க்கும் ஸ்டீமர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அணைத்து வைத்த சுவரின் பிளக்கில் மாட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜிப்சம் சுவருக்கு இந்த ஆவி வைத்தியம் ஆகாது.

ஸ்டிக்கர் தாளுக்கும் ஃபோமுக்கும் தண்ணீர் வீண். முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் ஒரு மூலையைச் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே மெல்ல இழுத்து, அடுத்த அரையடி. ஃபோம் இரண்டாகப் பிளந்து பாதி சுவரிலேயே நிற்கும். பொறுமையாகச் சுரண்டுங்கள். யூடியூப் பார்த்துச் சமையல் எண்ணெய் தடவாதீர்கள். பசை போகும், எண்ணெய்க் கறை தங்கும், பெயிண்ட் பிடிக்காது. தின்னரில் நனைத்த துணியால் துடைப்பதென்றால் ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் விளக்கோ அடுப்போ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த வகைத் தாள் பழைய பெயிண்ட்டையும் சேர்த்தே உரித்துக்கொண்டு வரும், எப்படியும் பட்டி பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

பசையை விட்டுவைக்காதீர்கள்

காகிதம் போனதும் வேலை முடிந்தது போலத் தெரியும். சுவரை நனைத்து விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பசை இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாவுப் பசை என்றால் இன்னொரு சோதனையும் உண்டு: முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து, மூலையில் வையுங்கள். கருநீலமாக மாறினால் மாவு மிச்சம் இருக்கிறது. இதன் மேல் பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால், பிரைமரின் ஈரத்தில் பசை மறுபடி இளகி, காயும்போது பெயிண்ட்டைச் சிறுசிறு செதிலாகச் சுருட்டும். வெந்நீரும் ஸ்பாஞ்சுமாகக் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள், வாளித் தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள். ஒரு சுவருக்கு நான்கைந்து வாளி ஆகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் பட்டி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊரில் பல வால்பேப்பர்கள் அழகுக்காக ஒட்டியவை அல்ல, ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை மறைக்க ஒட்டியவை. வீட்டை விற்பதற்கு முன்னால் ஒட்டிய வால்பேப்பர் என்றால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் கழுவிய ஈரம் காய நான்கைந்து நாள் விடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஐந்து ரூபாய்ச் செலவில்லாத சோதனை இது.

அடுத்து, கறை எந்த உருவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து கிளம்பி இரண்டு மூன்று அடி உயரத்தில் அலை அலையாக நின்றுவிட்டால், தரைத்தள வீட்டில் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். கூரைப் பக்கமிருந்து இறங்கினால் மொட்டைமாடி அல்லது மேல் வீட்டுக் குளியலறை. ஜன்னலின் கீழ் மூலைகளில் மட்டும் என்றால் சன்ஷேடும் ஜன்னல் சட்டத்தின் ஓரமும். ஒரு இடத்தை மையமாக வைத்து வட்டமாகப் பரவினால் சுவருக்குள் ஓடும் குழாய். இந்தக் கடைசி சந்தேகத்துக்கு, இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அபார்ட்மெண்டில் தொட்டி பொது என்பதால் உங்கள் வீட்டு வால்வை மூடித் திறந்துதான் பார்க்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால், அதை இரண்டு மூன்று நாள் புழங்காமல் விட்டுப் பாருங்கள். சுவர் வெளுத்தால் டைல்ஸ் இடுக்குதான் குற்றவாளி, அதை அடைத்திருக்கும் கிரவுட்டைச் சுரண்டி, தண்ணீர் இறங்காத எபாக்ஸி கிரவுட் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் இவை எதுவும் இல்லை. குழாய் இல்லை, குளியலறை இல்லை, வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல் மட்டும். குற்றவாளி ஏசி. கேட்க வேடிக்கையாக இருக்கும். வெளியே சூடான, ஈரமான கடற்காற்று; உள்ளே ஏசி போட்ட குளிர்ந்த அறை. ஈர ஆவி எப்போதும் ஈரம் அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குச் சுவர் வழியே நகரும், அதாவது இங்கே வெளியிலிருந்து உள்ளே. வெறும் சுவராக இருந்தால் அறைக்குள் வந்து கலைந்துவிடும். வினைல் தாளோ பிளாஸ்டிக். ஆவி அதன் முதுகில் முட்டி, அங்கே குளிர்ந்து, நீராகி நிற்கிறது. மாவுப் பசை சாப்பாடு, இருட்டு, ஈரம். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? குளிர் நாடுகளில் ஆவி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது, அங்கே இதே தாள் உள்பக்கம் இருப்பது இந்தத் தொல்லையைத் தருவதில்லை. நம் ஊரில் ஏசி அறையின் வெளிச்சுவரில் வினைல் ஒட்டுவது தப்பான பக்கத்தில் மழைக்கோட்டுப் போடுவது போல.

வெளிச்சுவர் விரிசல்களை அடைத்து, மழைநீர்க் குழாயையும் ஏசி தண்ணீர்க் குழாயையும் சுவரில் வழியாமல் திருப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேன் போட்டுச் சுவரைக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் தாள் சோதனை. உள்பக்கம் காய்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அடுத்த கட்டம் இல்லை.

பூசணமும் உப்பும்

கறுப்புப் புள்ளிகள் பட்டியில் ஊறியிருந்தால் துடைப்பது போதாது. மாஸ்க் போட்டுக்கொண்டு, லேசாக நனைத்து, அந்தப் பட்டியைச் சுரண்டியே எடுத்துவிடுங்கள். கறையைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு அடி. அடியில் இருக்கும் சிமெண்ட் பூச்சைப் பிளீச் கரைசலால் துடைக்கலாம், நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். முக்கியமானது: பிளீச்சை வினிகரோடோ பாத்ரூம் கழுவும் ஆசிடோடோ சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. உரிக்கும்போது வினிகர் போட்டிருந்தால், சுவரை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே பிளீச்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருப்பது பூசணம் அல்ல, உப்பு. செங்கலிலும் சிமெண்டிலும் கரைந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்தது. இதைக் கழுவினால் மறுபடி கரைந்து உள்ளே போகும், காய்ந்ததும் திரும்பப் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கொட்டும் பொடியை அள்ளி வெளியே போடுங்கள். சில நாளில் மறுபடி பூத்தால் மறுபடி தேயுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் ஈரம் நிற்கவில்லை.

கொத்துவதும் பூசுவதும்

ஒரு ரூபாய் நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி. டொக்கு டொக்கென்று பொக்கையாகக் கேட்டால் பூச்சு செங்கலை விட்டுவிட்டது. அந்த எல்லையைப் பென்சிலால் வட்டமிட்டு, உள்ளே இருப்பதை உளியால் செங்கல் தெரியும்வரை கொத்திவிடுங்கள். மனசு கேட்காமல் பாதியில் நிறுத்தினால், மிச்சப் பொக்கை புதுப் பூச்சையும் இழுத்துக்கொண்டு விழும். சதுர அடிக் கணக்கில் பெரிய பரப்பு என்றால் கொத்தனாரைக் கூப்பிடுவதே மேல், பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் மணியாசுக் கட்டை எல்லோர் கைக்கும் படியாது.

கொத்திய இடத்தைத் தூசி போகப் பெருக்கி, நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் கலவை. உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான மணல்), 12 மி.மீ. தடிமன். ஒரு வாரம் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். புதுச் சிமெண்ட் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்க 28 நாள் பொறுப்பது நல்லது, அதற்குள் அடித்தால் சிமெண்டின் காரத்தன்மை நிறத்தை வெளுக்கவைக்கும். ஜிப்சம் சுவரில் ஒட்டுப்போட சிமெண்ட் வேண்டாம், ஜிப்சமே போடுங்கள்.

விரிசல்களில் மயிரிழையை விட்டுத்தள்ளுங்கள், பட்டியே மூடிவிடும். அதைவிடப் பெரியதைப் பிளேடு முனையால் 'வி' வடிவில் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி ஊதி, கிராக் ஃபில்லர் என்று விற்கும் அக்ரிலிக் பசையை அழுத்தி நிரப்புங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசல் நம் வீடுகளில் சர்வசாதாரணம். இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. அதற்கு மேல் ஃபைபர் டேப் ஒட்டிப் பட்டி பார்த்தால்தான் நிற்கும், பூச்சையே கொத்திப் போடுவதானால் கோழிவலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, விரல் நகம் உள்ளே போகும் விரிசல் என்றால் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டினால் பட்டியை மறந்துவிட்டு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பட்டி

கடையில் 'வால் பட்டி' என்று கேட்டால் இரண்டு வகை கிடைக்கும். வெள்ளைச் சிமெண்ட் பொடிப் பட்டி, வாளியில் குழைத்தே வரும் அக்ரிலிக் பட்டி. சிமெண்ட் பூச்சு வெளியே தெரிகிற பெரிய பரப்புக்கு முதலாவது. இது பழைய பெயிண்ட்டின் மேல் பிடிக்காது, பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகே போட வேண்டும். ஆணி ஓட்டை, கீறல், பழைய பெயிண்ட் மேல் சிறு ஒட்டு என்றால் இரண்டாவது. 10க்கு 10 அடிச் சுவருக்கு இரண்டு கோட் போட, சுவரின் மேடுபள்ளத்தைப் பொறுத்து 5 முதல் 10 கிலோ ஆகும்.

ஒரு கிலோ பொடிக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர். தண்ணீரில் பொடியைத் தூவிக் கலக்குங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்கினால் கெட்டித் தயிர் பதத்துக்கு வரும். இரண்டு மணி நேரத்தில் தீர்க்கும் அளவுக்கே கலக்குங்கள். இறுகியதும் தண்ணீர் விட்டு இளக்குவது பழைய சோற்றைச் சூடு பண்ணிப் புதுச்சோறு என்பது மாதிரி. சுவரைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கீழிருந்து மேலாக முதல் கோட். நாலைந்து மணி நேரம் காய்ந்ததும் தூக்கி நிற்கும் கோடுகளை மட்டும் தட்டிவிட்டு இரண்டாவது. இரண்டும் சேர்ந்து 1.5 மி.மீ. தாண்டக் கூடாது. பள்ளம் அதைவிட ஆழம் என்றால் தடிமனாகப் பூசுவதற்கென்றே விற்கும் லெவலிங் பட்டியை முதலில் போடுங்கள். மெல்லிய பட்டியை அப்பி அப்பி நிரப்பினால் வெடித்துக் கழன்றுவிடும்.

மறுநாள் விளக்கை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலாக எழும். நான் முதன்முறை பார்த்தபோது நிலாவின் படம் மாதிரி இருந்தது. மேட்டை நைஸ் உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள், பள்ளத்தைக் கொஞ்சம் பட்டியால் தொட்டுவிடுங்கள். தூசியை உலர்ந்த துணியால் முழுக்கத் துடையுங்கள்.

பிரைமர், பெயிண்ட்

இங்கிருந்து சுலபம். டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து ஒரு கோட் பிரைமர், மறுநாள் முதல் கோட் எமல்ஷன், நாலைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது. பசை முழுக்கப் போகவில்லையோ என்று சந்தேகம் உள்ள சுவருக்கு மட்டும் தண்ணீரில் கரையாத, ஆயில் வகைப் பிரைமர் நல்லது. நாற்றம் இரண்டு நாள் இருக்கும், அந்த அறையில் தூங்க வேண்டாம். ஓதம் அடித்த வெளிச்சுவருக்குக் கடைக்காரர் பளபளப்பான, கழுவக்கூடிய பெயிண்ட்டைத் தள்ளப் பார்ப்பார். சாதாரண மேட் எமல்ஷன் போதும், சுவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

கட்டிலையும் பீரோவையும் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள். மறுபடி வால்பேப்பர் ஒட்டியே ஆக வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவரைக் காட்டுங்கள். அப்புறம் ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, அந்த ஒன்றரை அடிப் பிளாஸ்டிக் தாளை அதே இடத்தில் இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள்.